காத்து மெத்தைப் பூனை

மல்லசமுத்திரம்
9.1.2025

அன்பு மருமக இனியா சாமிக்கு, மாமன் சின்னண்ணன் எழுதிக்கறது. இங்க நானும் உங்க அத்தையும் கடைக் கம்ப்ரசரும் சௌக்கியம். ராய்ப்பூர் குளுரு உனக்கு ஒத்துக்குதா, சளி கிளி புடிச்சிருக்குதான்னு எழுதவும்.

போன் இருக்கறப்ப இந்த மனுசன் எதுக்குக் கடுதாசி எழுதறான்னு உங்க போர்வெல் ரிக் ஆபீசுல சிரிக்கறாங்கன்னு சொன்னே. சிரிக்கட்டும். போன்ல பேசுனா உங்க அத்தை பக்கத்துல குந்திக்கிட்டு, "அது அப்படி இல்லீங்க, இது இப்படி இல்லீங்க"ன்னு குறுக்க உழுந்துடறா. கடுதாசின்னா நான் முடிக்கற வரைக்கும் அவ பொறுத்துக்கோணும். கடைசில ரெண்டு வரி எடம் உட்டுருவேன். அது அவ பங்கு.

சேதி என்னன்னா, போன வாரம் நாகாலாந்துல இருந்து பதினாறு சக்கர லாரி ஒண்ணு நம்ம பஞ்சர் கடைக்குன்னே வந்துச்சு. வழில எத்தனையோ கடையில பாத்தும் ஓட்டை அகப்படலையாம். நான் தண்ணித் தொட்டிகூட கேக்கலை. டியூபுல காதை வெச்சேன், கண்ணை மூடுனேன், "இந்தா இங்க"ன்னு வெரலை வெச்சேன். டிரைவர் அழுதுட்டான். இப்ப சங்ககிரி வரைக்கும் எனக்குக் காத்து டாக்டர்னு பேரு. அஞ்சாவதோட படிப்பை நிறுத்துனதுல எனக்கு ஒரு நட்டமும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குத்தான் நட்டம்.

இப்படிக்கு உன் மாமன், காத்து டாக்டர் சின்னண்ணன்.

இனியா கண்ணு, பாதி பொய்யி. வந்தது மினி லாரி. ஓட்டையக் கண்டுபுடிச்சது பக்கத்து டயர் கடை பயாஸு. நேரத்துக்குச் சாப்புடு. மாமனுக்குக் கால் ஒடிஞ்சப்ப கோயமுத்தூர் வேலைய உட்டுப்போட்டு ஓடியாந்தியே, இன்னொருக்கா அப்படி வந்தீன்னா வாசப்படி ஏற உட மாட்டேன். அத்தை வள்ளியாத்தாள்.


ராய்ப்பூர்
27.1.2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

இனியா எழுதறேன். நான் நல்லா இருக்கேன். சளி இல்லை. சப்பாத்திதான் தொண்டையில நிக்குது. உங்க ரெண்டு பேர் உடம்பும் எப்படி இருக்குதுன்னு எழுதுங்க. மாமா, ஒடிஞ்ச கால் பனியில குத்துதா?

உங்க கடிதத்தை ஆபீசுல இருக்கற நம்ம ஊர்க்காரங்களுக்குச் சத்தமாப் படிச்சேன். நாகாலாந்து லாரி வரைக்கும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டாங்க. அத்தையோட வரி வந்ததும் ஒருத்தர் சிரிச்சு டீயைக் கணக்குப் பேப்பர்லயே கொட்டிட்டார். இப்ப இங்க யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை, "பாதி பொய்யி"ன்னுதான் கூப்பிடறாங்க.

அத்தை, ஓடி வர மாட்டேன். சத்தியம் ஏற்கெனவே வாங்கிட்டீங்க. இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. அம்மா போன பிறகு என்னைத் தூக்கிட்டு வந்து வளர்த்தது இப்படி ஒரு மேசைக்குப் பின்னாடி உக்காரணும்னுதானே. உக்காந்துட்டேன்.

ரெண்டு பேருக்கும் முத்தங்களுடன்,
இனியா.


மல்லசமுத்திரம்
18.3.2025

அன்பு மருமக இனியா சாமிக்கு, மாமன் எழுதறது. இங்க நான் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுதவும்.

பதில் போட நாளாயிருச்சு, கோவிச்சுக்காதே. கடையில கூட்டம். லாரிங்க ஆத்தூர் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிக்குது. அந்த அவசரத்துல உங்க அத்தை போனு பஞ்சர் பாக்கற தண்ணித் தொட்டியில உழுந்துருச்சு. காயப் போட்டிருக்குது. அதான் ஞாயித்துக்கெழமை உன்கூடப் பேச முடியறதில்லை.

ஒரு சமாச்சாரம். காத்தடிச்சுப் படுக்கற மெத்தைன்னு ஒண்ணு இருக்குதாமே. அதுல ஒண்ணு அனுப்ப முடியுமா? நமக்கு எதுக்குன்னு கேக்காதே. பெரிய பெரிய ஒறம்பரை வாராங்க. நம்ம கட்டுல்ல பலகை கெட்டி, அவங்க முதுகுக்கு ஆகாது. நம்ம ஊட்டுல தூங்குனவன் நல்லாத் தூங்குனேன்னு சொல்லோணுமில்ல. மெத்துன்னு இருக்கறதாப் பாத்து அனுப்பு. சீக்கிரமா அனுப்புனா நல்லது.

உங்க அத்தைக்குக் கை சோலியா இருக்குது. எழுத நேரமில்லை. கீழ எடம் மட்டும் உட்டு வெச்சிருக்கறேன்.

இப்படிக்கு மாமன் சின்னண்ணன்.


ராய்ப்பூர்
29.3.2025

அன்புள்ள மாமா,

நான் நலம். மெத்தை கூரியர்ல வருது. நீல நிறம், மேல வெல்வெட் மாதிரி இருக்கும். கூடவே கால்ல மிதிச்சுக் காத்தடிக்கற பம்பு ஒண்ணும் இருக்கு. அதுலயே அடிங்க.

நம்ம வீட்டுக்கு இப்ப வர்ற பெரிய ஒறம்பரை யாரு? எனக்குத் தெரியாத சொந்தமா? போன ஞாயிறு உங்க போன்ல கூப்பிட்டேன். அத்தை குளிக்கறாங்கன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின ஞாயிறும் குளிச்சாங்க. மேட்டூர் அணையே திறந்த மாதிரி இருக்கே மாமா.

கடிதத்தோட அடியில ரெண்டு வரி வெள்ளையா வந்திருக்கு. ஆத்தூர் ரோடு வரைக்கும் லாரின்னு நீங்க எழுதி, அதை அத்தை சும்மா விட்டாங்கன்னா எனக்கு நம்ப முடியலை. அவங்க உடம்புக்கு எப்படி இருக்குன்னு தனியா எழுதுங்க.

அன்புடன்,
இனியா.


மல்லசமுத்திரம்
14.4.2025

அன்பு மருமக இனியா சாமிக்கு, மாமனோட சித்திரைப் பொறப்பு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். உங்க அத்தைக்குக் கொஞ்சம் தொண்டைக்கட்டு, பேச்சு வரலை. வேற ஒண்ணுமில்லை.

மெத்தை வந்துச்சு. நன்றிங்கற வார்த்தை பத்தாது சாமி. வாசல்ல பிரிச்சப்ப பாதி ஊரு கூடிருச்சு. மல்லசமுத்திரத்துலயே முதல் காத்து மெத்தை நம்முளுதுதான். அந்தக் கால் பம்பைப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பு. காத்து டாக்டர் ஊட்டுக்குக் கால் பம்பா? கம்ப்ரசர் குழாயை நீட்டுனேன். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள மெத்தை புது மாப்பிள்ளையாட்ட வெறைச்சுக்கிட்டு நின்னுது.

ஆனா ஒரு நாத்தம் அடிக்குது. நெம்ப. பயாஸ் எட்டிப் பாத்து, "ஏனுங்ணா, பெருச்சாளி கீது செத்துக் கெடக்குதா?"ன்னான். "இது வெளியூரு வாசனை, உனக்குப் புரியாது"ன்னு சொல்லி அனுப்பிச்சேன். அந்தாண்ட போறவங்கெல்லாம் மூக்கைப் புடிச்சுக்கிட்டு ஓடறாங்க. டவுன் பஸ்சு நம்ம ஸ்டாப்புல நிக்கறதில்லை.

சாம்பிராணி போட்டேன். போட்டதோட உட்டிருக்கலாம். புகைய பம்பு வழியா உள்ளயும் ஏத்திப் பாத்தேன். இப்ப டயரைக் கொளுத்திப் பூசை பண்ணுன கோயிலாட்ட இருக்குது. நானா இருந்தா எந்திரிச்சு வெளிய போயிருவேன். வந்திருக்கற ஒறம்பரைக்கு அது முடியாது. மூஞ்சியக்கூட சட்டுன்னு திருப்பிக்க முடியாது. அதான் எனக்குக் கவலை. என்ன பண்றதுன்னு உடனே எழுது.

இப்படிக்கு மாமன் சின்னண்ணன்.

(கீழ எடம் இருக்குது, அவளுக்கு.)


ராய்ப்பூர்
24.4.2025

அன்புள்ள மாமா,

நான் நலம். அத்தைக்குத் தொண்டைக்கட்டுன்னா டாக்டர்கிட்டக் காட்டினீங்களா? கல்கண்டும் மிளகும் போதும்னு இருக்காதீங்க.

மெத்தை விஷயம். முதல்ல உள்ள இருக்கற காத்தைப் பூராவும் திறந்துவிடுங்க. துளி சோப்புக் கலந்த தண்ணியில துணியை நனைச்சு மேலயும் கீழயும் துடைங்க. காஞ்ச பிறகு சமையல் சோடாவைத் தூவி அரை நாள் விட்டு, ஈரத்துணியால எடுத்துடுங்க. புது பிளாஸ்டிக் வாடை அதுலயே குறையும். நிழல்ல, காத்தாட வைங்க. சித்திரை வெயில்ல போட்டீங்கன்னா பிளாஸ்டிக் வெடிச்சுடும்.

ஆனா பெருச்சாளி வாடை பிளாஸ்டிக்ல வராது. அது நீங்க உள்ள அடிச்ச காத்து. மாமா, அந்தக் கம்ப்ரசர் டாங்கியோட அடியில தேங்கற தண்ணியைக் கடைசியா எப்ப திறந்துவிட்டீங்க? எண்ணெயும் துருவும் சேர்ந்து அது அழுகிக் கிடக்கும். நான் அங்க இருந்தப்ப வெள்ளிக்கிழமை கடைப் பூசைக்கு முன்னாடி அத்தைதான் அந்தத் திருகைத் திறந்துவிடுவாங்க. நீங்க ஒரு நாளும் செஞ்சு நான் பார்த்ததில்லை.

இனிமே கால் பம்புலயே அடிங்க. எழுந்திருக்க முடியாத அந்த ஒறம்பரை யாருன்னு மட்டும் சொல்லிடுங்க.

இனியா.


மல்லசமுத்திரம்
12.5.2025

அன்பு மருமக இனியா சாமிக்கு, நான் சௌக்கியம். வெயிலு மண்டையப் பொளக்குது. உன் ஊர்ல எப்படி? மோர் குடி.

நீ எழுதுன வைத்தியம் அத்தனையும் பண்ணுனேன். டாங்கித் திருகைத் தொறந்தேன். கடுங்காப்பியாட்ட ரெண்டு குடம் வந்துச்சு. மூணு குடம்னே சொல்லலாம். பயாஸ் கடைய அடைச்சுட்டு மாமனார் ஊட்டுக்குப் போயிட்டான். உங்க அத்தை நாலஞ்சு வெள்ளிக்கெழமை மறந்துட்டாளாட்ட இருக்குது. வயசாகுதில்ல.

இப்ப கால் பம்புலதான் அடிக்கறேன். காலைல ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா. ஒடிஞ்ச காலுக்கு நல்ல பயிற்சின்னு நானே கண்டுபுடிச்சேன். பழைய நாத்தம் அடியோட போயிருச்சு. நீ நல்லா இருக்கோணும்.

இப்ப வேற ஒரு வாடை. ஊட்டுக்குள்ள ஒரு பூனை வர ஆரம்பிச்சிருக்குது. அது மெத்தையிலயே ஒண்ணுக்குப் போயிருது. தெனம். துவைச்ச வேட்டிய விரிச்சா வேட்டியும் நனையுது. பயாஸ் சம்சாரம் கௌசியா வந்து கூடமாட அலசிக் குடுத்துட்டுப் போகுது. நல்ல மனசு அந்தப் புள்ளைக்கு. பூனை ஒண்ணுக்கு வாடை போறதுக்கு என்ன போடலாம்? பிளீச்சிங் பவுடர் போடலாமா?

இப்படிக்கு மாமன் சின்னண்ணன்.

(எடம்.)


ராய்ப்பூர்
20.5.2025

அன்புள்ள மாமா,

பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துடும். மளிகைக் கடையில வினிகர்னு கேட்டு வாங்குங்க. ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணி. துடைச்சு, சோடா தூவி, நல்ல தண்ணியில அலசி, முழுசாக் காஞ்ச பிறகு விரிங்க. ஈரத்தோட மடிச்சா பூஞ்சை பிடிக்கும். மெத்தைக்கு மேல ரப்பர் ஷீட், அதுக்கு மேல பருத்தித் துணி. துணியை மட்டும் மாத்தினாப் போதும்.

இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. அத்தை இருக்கற வீட்டுக்குள்ள பூனையா? கௌசியா அக்கா வீட்டுப் பூனை மதில் மேல நடந்தாலே அத்தை விளக்கமாத்தோட நிப்பாங்களே. அப்புறம், அத்தை வெள்ளிக்கிழமையை மறந்துட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அம்மை போட்டு நான் கிடந்த வாரத்துலகூட அவங்க அந்தத் திருகைத் திறக்கறதை மறக்கலை.

அத்தை போன் இன்னுமா காயுது? உங்க போனையும் நீங்க எடுக்கறதில்லை. பயாஸ் அண்ணன் போன்ல பேசலாமே. தொண்டைக்கட்டா இருந்தாலும் பரவாயில்லை. அவங்க மூச்சு விடற சத்தம் கேட்டாப் போதும்.

இனியா.


மல்லசமுத்திரம்
9.6.2025

அன்பு மருமக இனியா சாமிக்கு, மாமன் எழுதறது. உன் கடுதாசிய மடியிலயே வெச்சுக்கிட்டுச் சுத்துனேன். அதான் நாளாயிருச்சு.

வினிகரு நல்ல மருந்து. ரப்பர் சீட்டுக்கு லாரி டியூபையே அறுத்துத் தெச்சுட்டேன். அது நெம்ப நாத்தமடிக்குதுன்னு கௌசியா தூக்கி எறிஞ்சுட்டு வேற வாங்கியாந்து போட்டுச்சு. உங்க அத்தை பனமரத்துப்பட்டித் தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்கறா. ஏரிக் காத்து ஒடம்புக்கு நல்லதாமா. அதனால பூனையத் தொரத்த ஆளில்லை.

நீ அந்தப் பூனையத் தப்பா நெனைச்சுக்கக் கூடாது. அது பெரிய எடத்துப் பூனை. வேணும்னு பண்றதில்லை சாமி. மாசி மாசம் ஒரு நாள் விடியக்காத்தால தடால்னு உழுந்துச்சு. அதுல இருந்து வலது பக்கம் கையி காலு ரெண்டும் வரலை. கத்தறதுக்கு வாயும் வரலை. எந்திரிச்சுப் போகோணும்னு பாக்குது, முடியறதில்லை. அப்பறம் மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிது. கண்ணுல தண்ணி நிக்குது.

நான் உடுவனா? "அட, இதென்ன நாத்தம், நான் லாரி கிளீனரா இருந்தப்ப ரத்னகிரில இருந்து மீன் லோடு மேல படுத்துக்கிட்டே வந்தவன்"னு கதைய எடுத்து உட்டேன். திமிங்கலம் ஒண்ணையும் அதுல ஏத்திப்போட்டேன். முன்னயெல்லாம் நான் இந்த மாதிரி ஒண்ணு சொன்னா அந்தப் பூனை சண்டைக்கு வந்துரும். இப்பக் கேட்டுக்கிட்டே கெடக்குது. திமிங்கலத்தையே ஒத்துக்கிச்சு. அதைத்தான் எனக்குத் தாங்க முடியலை.

உன் பேரு எடுத்தா மட்டும் கண்ணை உருட்டி என்னை மெரட்டுது. சொல்லிப்போடாதேங்குதாட்ட இருக்குது.

முதுகுல ஒரு எடத்துல செவந்திருக்குது. பூனைக்கு முதுகு செவந்தா என்ன பண்றதுன்னு உங்க ஆபீசுல ஆருக்காச்சும் தெரியுமா?

மாமன்.


ராய்ப்பூர்
16.6.2025

அன்புள்ள மாமா,

உங்க கடிதத்தை இந்தத் தடவை ஆபீசுல சத்தமாப் படிக்கலை.

பூனைக்கு முதுகு சிவந்தா என்ன பண்ணணும்னு இங்க ஒரு நர்சம்மாகிட்டக் கேட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஈரம் நிக்கக் கூடாது. நான் அனுப்பின மெத்தை பிக்னிக் போறவங்களுக்கு ஆனது, அதுல முதுகு வேர்த்துக் கொட்டும். தப்பு என்மேலதான். எதுக்குன்னு விடாமக் கேட்டிருக்கணும். படுக்கையில இருக்கறவங்களுக்குன்னே சின்ன மோட்டார் வச்ச மெத்தை இருக்கு. தானே காத்தை மாத்தி மாத்தி நிரப்பிக்கும். சேலத்துல சொல்லிட்டேன், நாளைக்கே வீட்டுக்கு வந்துடும். தயவு பண்ணி அதுல கம்ப்ரசரை வைக்காதீங்க. கை காலுக்குப் பயிற்சி குடுக்கறவர் ஒருத்தர் திருச்செங்கோட்டுல இருந்து வருவார். பேச்சுக்கும் பயிற்சி இருக்காம். சிவப்பை மட்டும் இந்தக் கடிதம் கிடைச்ச அன்னிக்கே டாக்டர்கிட்டக் காட்டிடுங்க.

மாமா, மாசியில இருந்து நீங்களே அலசி, துடைச்சு, பம்பு மிதிச்சு, கதையும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கீங்க. இதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

பூனைகிட்டச் சொல்லிடுங்க. நான் வேலையை விடலை. லீவு போட்டுட்டு வர்றேன், லீவு முடிஞ்சதும் திரும்பிப் போயிடுவேன். சத்தியத்தை மீறலை. வாசப்படி ஏற விடலைன்னா கடைப் பக்கமா வர்றேன்.

வெள்ளிக்கிழமை திருகைத் திறந்துவிடுங்க.

உங்கள்,
இனியா.


மல்லசமுத்திரம்
5.9.2025

அன்பு மருமக இனியா சாமிக்கு, மாமன் எழுதிக்கறது. இங்க நானும் உங்க அத்தையும் கடைக் கம்ப்ரசரும் சௌக்கியம். இந்த வரிய எழுதி எத்தனை மாசமாச்சு. அங்க நீ சௌக்கியமா, ரயில்ல எடம் கெடைச்சுதா, இளைச்சுக் கிளைச்சுப் போயிருக்கறியான்னு எழுதவும்.

நீ வந்து கதவைத் தொறந்தப்ப உங்க அத்தை உன்னை மொறைச்ச மொறைப்பு இன்னும் என் கண்ணுல நிக்குது. மொறைச்சுக்கிட்டே இடது கையில உன் வெரலைப் புடிச்சவ, பொழுது சாயற வரைக்கும் உடலையே. நீ வந்ததுக்கு நன்றி சாமி. லீவு முடிஞ்சதும் சொன்ன மாதிரியே பொறப்பட்டுப் போனியே, அதுக்கு எச்சா நன்றி. நீ பஸ் ஏறுன அன்னிக்குத்தான் அவ வயிறார கஞ்சி குடிச்சா.

மோட்டார் மெத்தை ரயிலாட்ட முணுமுணுன்னு ஓடுது. முதுகுச் செவப்பு போயிருச்சு. இப்பத் தலகாணிய அண்டை குடுத்தா சாஞ்சு குந்தறா. ஒண்ணுக்கு வந்தா சொம்பைத் தட்டிக் கூப்புடறா. ஊட்டுல ஒரு வாடையும் இல்லை. கௌசியாவுக்கு ஒரு சீலை எடுத்துக் குடுத்தேன். "எதுக்குங்ணா, அக்கா பேசட்டும், அக்கா வாயாலயே திட்டு வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டு வாங்கிக்கிச்சு. வெள்ளிக்கெழமையானா நாந்தான் திருகைத் தொறக்கறேன். அவ ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருப்பா. தண்ணி சுத்தமா வந்தாத்தான் தலையாட்டுவா. அது வரைக்கும் நான் குனிஞ்சே நிக்கோணும்.

உன் நீல மெத்தைய அலசிக் காய வெச்சுக் கடையில போட்டிருக்கறேன். இப்ப கௌசியா ஊட்டுப் பூனை அதுல படுத்துக்குது. நெசமான பூனை. ஒரு நாளும் அசிங்கம் பண்ணுனதில்லை.

அப்பறம் ஒரு சேதி. நான் உங்க அத்தையப் பாத்துக்கிட்ட பாங்கைப் பாத்துட்டு, திருச்செங்கோட்டு டாக்டரே நம்ம கடைக்கு வந்துட்டாரு. "ஏனுங்க சின்னண்ணன், இந்த மெத்தை வைத்தியத்தை எங்களுக்கும் சொல்லிக் குடுங்க"ன்னாரு. கூட இருபது டாக்டருங்க. எல்லாரும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. ஒருத்தரு கண்ணுல தண்ணி. அடுத்த மாசம் டெல்லியில இருந்து ஆளு வராங்களாம்.

இந்தக் கடுதாசிய அவளுக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டேதான் எழுதறேன். டெல்லின்னதும் இடது கைய நீட்டறா. சொம்பு வேணுமான்னேன், இல்லேன்னு தலையாட்டறா. பேனாவைப் பாக்கறா. கீழ எடம் உட்டிருக்கறேன். இரு, குடுக்கறேன்.

இப்படிக்கு உன் மாமன், காத்து டாக்டர் சின்னண்ணன்.

பா   தி   பொ  ய்  யி